கோபம் வந்தால் அவளுக்கு நோய், அவனுக்குக் குணம்

ஒரு பெண்ணுக்கு ஆளுமைக் கோளாறு, அதாவது நினைப்பதும் பழகுவதும் வருடக்கணக்காக வாழ்க்கையைக் குலைக்கிற மனநலக் கோளாறு என்று சொல்லிவிட்டார்கள் என்றால், எனக்கு முதலில் தோன்றுகிற கேள்வி ஒன்றுதான். இதே கதையோடு ஒரு ஆண் போய் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? குதர்க்கத்துக்குக் கேட்கவில்லை. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

1978-இல் மனநல மருத்துவர் ரிச்சர்ட் வார்னர் ஒரு நோயாளியின் கதையை எழுதி, மனநலத் துறையில் இருப்பவர்களிடம் கொடுத்து, இது என்ன கோளாறு என்று கேட்டார். கதை எல்லாருக்கும் ஒன்றுதான். சிலர் கைக்குப் போன தாளில் நோயாளி ஆண், சிலர் கைக்குப் போனதில் பெண். பெண் என்று படித்தவர்கள் ‘ஹிஸ்டீரிக்கல்’, அதாவது நாடகத்தனமாக உணர்ச்சிவசப்படும் ஆளுமை என்ற பக்கம் சாய்ந்தார்கள். ஆண் என்று படித்தவர்களிடம் ‘ஆன்ட்டி சோஷியல்’, அதாவது சமூக விரோத ஆளுமை என்ற பதில் கூடியது. வரிக்கு வரி அதே ஆள், அதே நடத்தை.

சரி, அது பழைய காலம், அளவுகோல்கள் தெளிவாக இல்லாத காலம் என்று சொல்லலாம். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடான டிஎஸ்எம்-3 வந்தபிறகு ஒவ்வொரு கோளாறுக்கும் பட்டியல் வந்துவிட்டது. இத்தனை அறிகுறி இருந்தால் இந்தக் கோளாறு என்று எண்ணிவிடலாம். ஆனால் 1989-இல் ஃபோர்ட், விடிகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 354 உளவியலாளர்களிடம் இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்து பார்த்தார்கள். ஒரு பிரிவினரிடம் முழுக் கதையையும் கொடுத்து நோயின் பெயரைக் கேட்டார்கள். இன்னொரு பிரிவினரிடம் தனித்தனி நடத்தைகளைக் கொடுத்து, ‘இது இந்த அறிகுறியில் சேருமா’ என்று மட்டும் கேட்டார்கள். பெயர் வைக்கச் சொன்னபோது பாகுபாடு பளிச்சென்று தெரிந்தது. அறிகுறி அறிகுறியாகப் பார்த்தபோது அவ்வளவு தெரியவில்லை.

எனக்கு இந்த ஆய்வு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் பட்டியலை மட்டும் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பட்டியலைப் புரட்டுவதற்கு முன்பே ஆளைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு பெயர் விழுந்துவிடுகிறது. அப்புறம் நடப்பது அந்தப் பெயருக்கு ஆதாரம் தேடுகிற வேலை.

ஆதாரமும் சுலபமாகக் கிடைத்துவிடும். பார்டர்லைன் ஆளுமைக் கோளாறை எடுத்துக்கொள்ளுங்கள். உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல், கைவிடப்படுவோமோ என்ற பயத்தில் தவிக்கிற நிலை அது. 9 அறிகுறிகளில் 5 இருந்தால் போதும். கணக்குப் போட்டால் 256 விதமாக அந்த 5-ஐ எட்டலாம். ஒரே பெயர் வாங்கிய இரண்டு பேருக்குப் பொதுவாக ஒரே ஒரு அறிகுறி மட்டும் இருக்கலாம். அந்த 9-இல் ஒன்று ‘பொருத்தமில்லாத, கடுமையான கோபம்’. பொருத்தம் இருக்கிறதா இல்லையா என்று யார் முடிவு செய்வது? பேச்சை மூன்று தடவை வெட்டிய மருத்துவர் மேல் ஒரு பெண் எரிந்து விழுந்தால் அது அறிகுறி. அதே இடத்தில் ஆண் குரலை உயர்த்தினால், ‘டென்ஷனில் இருக்கிறார்’. ஹிஸ்ட்ரியானிக் கோளாறின் (முன்பு ‘ஹிஸ்டீரிக்கல்’ என்றது இதைத்தான்) பட்டியலில் தோற்றத்தால் கவனத்தை இழுப்பது ஓர் அறிகுறி. பிறந்ததிலிருந்து ‘அழகாக இரு, சிரித்தபடி இரு’ என்று வளர்க்கப்பட்டவளிடம் அதைக் கண்டுபிடிக்க என்ன திறமை வேண்டும், சொல்லுங்கள்.

இந்தக் கடுப்பில்தான் 1983-இல் உளவியலாளர் மார்சி கப்லான் நக்கலாக ஒரு கோளாறைக் கற்பனை செய்தார். பெயர் ‘சுதந்திர ஆளுமைக் கோளாறு’. குடும்பத்தைவிட வேலையைப் பெரிதாக நினைப்பது, தன் வேலைக்காக மனைவி மக்கள் ஊர் மாறி வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது, பிள்ளை வளர்க்கிற பொறுப்பை வாழ்க்கைத் துணையின் தலையில் கட்டுவது என்று அறிகுறிகள் போகும். யாருடைய படம் என்று உங்களுக்கே தெரியும். அளவுக்கு மீறி அடுத்தவரைச் சார்ந்திருந்தால் கோளாறு, யாரையும் சாராமல் நடந்துகொண்டால் ஆளுமை, இது எந்த ஊர் நியாயம் என்பதுதான் அவர் கேள்வி. அதே பத்தாண்டில் அடி வாங்கிக்கொண்டே உறவில் இருப்பவர்களுக்கு ‘மசோகிஸ்டிக்’, அதாவது துன்பத்தைத் தானே தேடிக்கொள்கிற ஆளுமை என்று பெயர் சூட்டும் முயற்சி வேறு நடந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு பெயரை மாற்றி டிஎஸ்எம்-இன் பின்னிணைப்பில் போட்டார்கள், 1994-இல் அங்கிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

‘பார்டர்லைன் பெண்களுக்குத்தான் அதிகம் வரும்’ என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கூட, கண்டறியப்படுபவர்களில் சுமார் 75 சதவீதம் பெண்கள் என்றது. ஆனால் மருத்துவமனைக்கு வந்தவர்களை எண்ணாமல், அமெரிக்காவில் 34,000-க்கும் மேற்பட்ட பொதுமக்களிடம் எடுத்த கணக்கு 2008-இல் வெளியானபோது, ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் அந்த ஆண்கள் எங்கே போனார்கள்? போதை மறுவாழ்வு மையத்தில் இருப்பார்கள், சிறையில் இருப்பார்கள். ‘முரடன்’, ‘குடிகாரன்’ என்ற பெயரோடு வீட்டிலேயே இருப்பார்கள். கைவிடப்படுவோமோ என்ற பயத்தில் அவன் கண்ணாடியை உடைத்தால் போலீஸ் வரும், மனநல மருத்துவர் வரமாட்டார். இந்தப் பாகுபாட்டில் ஆணுக்கு லாபம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எல்லாமே பாகுபாடுதான் என்றும் நான் சொல்லவரவில்லை. சமூக விரோத ஆளுமை ஆண்களிடம் அதிகம் என்பது பொதுமக்கள் கணக்கெடுப்புகளிலும் தெரிகிறது. பார்டர்லைன் என்ற நிலையும் நிஜம், அதன் வலி நிஜம், உளவியலாளர் மார்ஷா லினெஹன் உருவாக்கிய டிபிடி என்ற பேச்சுவழிச் சிகிச்சையால் தேறியவர்கள் நிறைய. சரியான ஆளுக்குச் சரியான பெயர் கிடைத்தால் அது பெரிய நிம்மதி.

தப்பான பெயர்தான் ஆளைக் கொல்லும். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணுக்குத் தூக்கம் இல்லை, திடீர் திடீரென்று பதறுகிறாள், யாரையும் நம்ப முடியவில்லை. இது பிடிஎஸ்டி-யாக, அதாவது கொடுமையான அனுபவத்துக்குப் பின் வரும் மனக்காயமாக இருக்கலாம். ‘உனக்கு நடந்தது என்ன’ என்று கேட்கவேண்டிய இடத்தில் ‘உன் குணமே இப்படி’ என்று எழுதினால், குற்றம் செய்தவன் கேஸ் ஷீட்டிலிருந்தே காணாமல் போய்விடுகிறான். ஆட்டிசம் இருக்கும் பல பெண்களுக்கும் முதலில் பார்டர்லைன் என்ற பெயர்தான் கிடைக்கிறது. உண்மை தெரிய வருடக்கணக்காகிறது. இதற்கிடையில் வயிற்றுவலி என்று போனாலும், அந்தப் பழைய தாளைப் புரட்டிவிட்டு ‘கவனத்துக்காகச் சொல்கிறார்’ என்பார்கள். மறுத்துப் பேசினால் அதுவும் அறிகுறி.

2022-இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11, அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், இந்தத் தனித்தனிப் பெயர்களில் பெரும்பாலானவற்றைக் கலைத்துவிட்டு, பாதிப்பு எவ்வளவு தீவிரம் என்று பார்க்கச் சொல்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் ‘பார்டர்லைன் பாங்கு’ மட்டும் அதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்கிற கண் மாறாமல் படிவம் மட்டும் மாறி எவ்வளவு ஆகும் என்று எனக்குச் சந்தேகம்.

அதனால் உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இப்படி ஒரு பெயர் சொல்லப்பட்டால் கேளுங்கள். எந்தெந்த அறிகுறியைப் பார்த்தீர்கள்? எத்தனை வருடமாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்? பிடிஎஸ்டி, ஆட்டிசம், பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறுகிற நோய்) எல்லாம் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார், உட்கார வைத்து விளக்குவார். எரிச்சல்பட்டால் இன்னொருவரிடம் காட்டுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.