லட்ச ரூபாய்க்கு வாங்கிய இருட்டு

முந்நூற்று நாற்பது படங்கள். அத்தனையும் கறுப்பு. கொஞ்சம் மங்கல், கொஞ்சம் இருட்டு என்றெல்லாம் சமாதானம் சொல்ல வழியில்லை. தார்ச் சட்டியில் முக்கி எடுத்த கறுப்பு. சில படங்களின் மூலையில் மட்டும் ஒரு மஞ்சள் புள்ளி. அது காசிமேடு மீன் ஏலக்கூடத்தின் விளக்கு.

"எடுக்கும்போதே பார்த்திருக்கலாமே" என்று வாயெடுப்பவர்கள் சற்றுப் பொறுங்கள். அங்கேதான் வருகிறேன்.

கற்றுக்கொள்ளச் சின்னக் கேமரா போதும் என்றுதான் நானும் நினைத்தேன். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது, அதுதான் வினை. மச்சானுக்குத் தெரிந்த கல்யாணப் புகைப்படக்காரர் ஒருவர், தான் பயன்படுத்திய பெரிய கேமராவை லென்ஸோடு ஒரு லட்சத்துச் சொச்சத்துக்குத் தருவதாகச் சொன்னார். "இன்றைக்குச் சின்னது வாங்கினால் அடுத்த வருடம் அதை விற்றுவிட்டு இதற்குத்தான் வருவீர்கள்" என்றார். வளர்கிற பிள்ளைக்குத் தீபாவளிச் சட்டையை இரண்டு அளவு பெரிதாக எடுப்பார்களே, அதே நியாயம். சட்டை பெரிதாக இருந்தால் கையை மடித்துக்கொள்ளலாம். கேமராவில் எதை மடிப்பது?

வாங்கியது ஏப்ரல் நடுவில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், சனம் வலை பின்னிக்கொண்டிருக்கும். சரி, அவர்கள் வலையைச் சரிசெய்து முடிப்பதற்குள் நான் இதைப் படித்து முடித்துவிடலாம், தடை நீங்கிப் படகுகள் மீனோடு திரும்பும் முதல் ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில் காகம், கொடியில் காயும் லுங்கி, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி என்று 61 நாளும் சுட்டுத் தள்ளினேன்.

அந்த 61 நாளில் பாதி நாள், லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையின் அளவைச் சொல்லும் எஃப் எண்ணோடு மல்லுக்கட்டியே போயிற்று. எண் சின்னதானால் துளை பெரிதாம், எண் பெரிதானால் துளை சின்னதாம். ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தான், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்" என்றார் ஞாயிறு வகுப்பு எடுத்த ஆசிரியர். இதற்கு இரண்டாயிரம் ரூபாய் கட்டணம் வேறு. பிறகு நானாக உட்கார்ந்து துருவியபோதுதான் தெரிந்தது, அது வெறும் பின்னம். லென்ஸின் குவியத் தூரத்தில் எத்தனையில் ஒரு பங்கு துளையின் விட்டம் என்ற கணக்கு. 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2 என்றால் துளை 25 மில்லிமீட்டர். அதாவது எஃப் 2 என்பது அரை, எஃப் 4 கால், எஃப் 8 அரைக்கால், எஃப் 16 வீசம். வீசம் அரைக்காலைவிடச் சிறியது என்பது பள்ளிக்கூடமே போகாத என் பாட்டிக்குத் தெரியும். இதை ஒரு வரியில் சொன்னால் என்ன குறைந்துவிடும்? வெளிச்சம் எவ்வளவு நேரம் உள்ளே விழும் என்று சொல்லும் ஷட்டர் வேகத்திலும் இதே கள்ளத்தனம்: நொடியில் 125-இல் ஒரு பங்கு என்பதை வெறும் 125 என்று காட்டுகிறது. பின்னத்தின் தலையை வெட்டிவிட்டு, உனக்குப் புரியவில்லை என்று நம்மைத் திட்டுகிறார்கள்.

போகட்டும். அதையெல்லாம் தாண்டித்தான் அந்த ஞாயிறு அதிகாலை நாலரைக்குக் காசிமேட்டில் நின்றேன். ஐஸ் உடைக்கும் சத்தம், டீசல் புகை, கணுக்கால் வரை மீன் தண்ணீர். வஞ்சிரம் வரிசையாகக் கிடந்தது. சங்கராவைக் கூறு போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா, கேமராவைப் பார்த்ததும் கூடையிலிருந்து ஒரு முழுச் சுறாக்குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "எடு தம்பி, பெரிய கேமராவாக இருக்கிறது, நன்றாக எடு" என்று சிரித்தார். விளக்கொளியில் மூக்குத்தி மின்னியது. கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் அது அப்படியே, பளிச்சென்று தெரிந்தது. கை நடுங்காமல் ஆறு படம் எடுத்தேன். ஏலக்காரரின் விரல்கள், கூடைக்குப் பாய்கிற பூனை, எல்லாம் கண்ணுக்கு முன்னால் தெளிவு.

இடையில் ஒரு தடவைகூடத் திரையைப் பார்க்கவில்லை. ஏனென்றால் அதே ஆசிரியர், "ஒவ்வொரு படத்துக்கும் குனிந்து திரையைப் பார்ப்பவன் கற்றுக்குட்டி, காட்சியை விட்டுவிடுவான்" என்று பாடம் நடத்தியிருந்தார். நான் கற்றுக்குட்டி இல்லை என்று எண்ணூர் விரைவுச் சாலைக்கே காட்ட வேண்டியிருந்தது, பாருங்கள்.

ஏழு மணிக்கு டீக்கடையில் கேமராவைத் திறந்தால், கறுப்பு. அடுத்தது, கறுப்பு.

நடந்தது இதுதான். கேமராவின் தலையில் ஒரு திருகுச் சக்கரம். அதில் சி1, சி2 என்று சில இடங்கள். அவரவர் தமக்கு வேண்டிய அமைப்புகளைச் சேமித்துவைக்க. பையில் உரசியோ என்னவோ, சக்கரம் சி2-வுக்குத் திரும்பியிருக்கிறது. அங்கே விற்றவர் கல்யாண மேடைக்குச் சேமித்த அமைப்பு அப்படியே உட்கார்ந்திருந்தது: எஃப் 8, ஷட்டர் 1/160, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் திறன்) 100. குடை வைத்த பெரிய ஃபிளாஷ் விளக்குகளுக்கு அது சரி. காசிமேட்டு விடியலுக்கு எஃப் 2.8, 1/125, ஐஎஸ்ஓ 3200 வேண்டும். கணக்குப் போட்டேன்: எனக்குக் கிடைத்த வெளிச்சம் தேவையானதில் முந்நூறில் ஒரு பங்கு.

அதுகூடப் பரவாயில்லை. ஃபிளாஷ் வைத்து எடுப்பவர்களுக்கு வ்யூஃபைண்டர் இருட்டாகத் தெரியக் கூடாது என்று, படம் எப்படி விழும் என்பதைக் காட்டாமல் காட்சியை மட்டும் வெளிச்சமாகக் காட்டும் ஒரு வசதி இருக்கிறதாம். சி2-வில் அதுவும் இருந்தது. எடுத்தவுடன் படம் திரையில் தோன்றுவதையும் அவர் நிறுத்திவைத்திருந்தார். ஆக, கண்ணுக்கு வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டே மெமரி அட்டைக்குள் இருட்டை நிரப்பியிருக்கிறது இந்த மகராசி.

நொடிக்கு இருபது படம் எடுக்கும். பறக்கிற பறவையின் கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும். முந்நூற்று நாற்பது முறை இருட்டு விழுகிறதே, "ஐயா, கொஞ்சம் கவனி" என்று ஒரு வரி சொல்லத் தெரியாதா? சொல்லியிருக்கிறதாம்! கீழ் விளிம்பில் கடுகளவு ஓர் அளவுகோல், அதன் ஓரத்தில் ஒரு முள் சிமிட்டியிருக்கும் என்றார் விற்றவர், போனில், ஏதோ என் கண்ணில்தான் கோளாறு என்பது போல. சக்கரத்துக்குப் பூட்டுப் பொத்தானும் உண்டாம். "கையேட்டில் இருக்கிறதே!" இருக்கிறது ஐயா, பல நூறு பக்கத்தில் எங்கோ இருக்கிறது. 1888-இல் வந்த முதல் கோடக் பெட்டிக் கேமராவுக்கு மூன்றே வேலை: கயிற்றை இழு, சாவியைத் திருகு, பொத்தானை அழுத்து. நூறு படம் எடுத்ததும் பெட்டியோடு அனுப்பிவைத்தால் அவர்களே கழுவித் தந்தார்கள். எனக்கு அந்தப் பெட்டி போதும்.

இன்னொரு கொடுமை. அந்த முந்நூற்று நாற்பது போக, கடைசியாக எடுத்த பதினொரு படங்கள் மட்டும் அற்புதமாக வந்திருக்கின்றன. வெயில் ஏறிவிட்டதல்லவா, எஃப் 8 அதற்கு ஓரளவு பொருந்திவிட்டது. என்னென்ன படங்கள்? காலிக் கூடை. காலிக் கூடையின் மேல் காகம். உருகிய ஐஸ்.

கணினியில் சுறாக்குட்டிப் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். ஊதாவும் பச்சையுமாகப் புள்ளிகள் அரித்த ஒரு முகம் மேலே வந்தது. மூக்குத்தி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. பக்கத்துக் கடைப் பையன் அதே நேரத்தில் போனில் எடுத்த படத்தை அந்த அக்காவே எனக்குக் காட்டினார். மீசை உட்பட அந்தச் சுறாவின் முகத்தில் எல்லாம் தெரிகிறது. (சுறாவுக்கு மீசை கிடையாது என்று தெரியும். கோபத்தில் எழுதுகிறேன்.)

"பையன் எடுத்தது போனில்தானே தம்பி, உன் கேமராவில் எடுத்ததைச் சட்டம் போட்டுக் கொண்டு வா" என்றார். மூன்று வாரமாகிறது. இந்த ஞாயிறு வீட்டில் வஞ்சிரம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். காசிமேடு நடக்கிற தூரம். சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.