எஃப்எம்மில் விமானம் தாமதமாகலாம், போர் மட்டும் நடக்கக்கூடாது

நம்ம ஊர் எஃப்எம்களைப் பற்றி யாராவது “பாட்டு, விளம்பரம், மொக்கை, மறுபடியும் பாட்டு” என்று அலுத்துக்கொண்டால் எனக்கு ஆர்ஜேக்கள் மேல் பரிதாபம்தான் வரும். மொக்கை போடுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களின் வாயைக் கட்டிவிட்டுத்தான் மைக் முன்னால் உட்கார வைத்திருக்கிறோம் என்பது கேட்கிறவர்களில் பல பேருக்குத் தெரியாது.

இந்தியாவில் தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. நாட்டு நடப்பை அலசவும் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை வேண்டுமானால் ஒரு சொல்கூட மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம். 2011-ல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை கொஞ்சம் மனம் இரங்கி, சில விஷயங்களை ‘இதெல்லாம் செய்தி இல்லை’ என்று ஒதுக்கிக் கொடுத்தது. விளையாட்டு, போக்குவரத்து, வானிலை, கலை நிகழ்ச்சி, திருவிழா, பரீட்சை ரிசல்ட், வேலைவாய்ப்பு, கரண்ட், தண்ணீர், இயற்கைப் பேரிடர், சுகாதார எச்சரிக்கை. இவ்வளவுதான் எல்லை.

இதை நடைமுறையில் வைத்துப் பாருங்கள். ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசியைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம், பண்பாடு. வளைகுடா போகிற விமானம் இன்று லேட் என்று சொல்லலாம், போக்குவரத்து. “ஏன் சார் லேட்டு?” என்று ஒரு நேயர் போன் போட்டுக் கேட்டுவிட்டால் முடிந்தது. பதிலில் போர் இருக்கிறது, அடுத்த பாட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

இதைக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. 2025 ஜூன் 23 இரவு, கத்தாரில் உள்ள அல் உதைத் அமெரிக்க ராணுவத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியது. அதற்குச் சற்று முன்பே கத்தார் தன் வான்வெளியை மூடியிருந்தது. பஹ்ரைனும் குவைத்தும் மூடின. நடுவானில் இருந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன, சில கிளம்பிய இடத்துக்கே திரும்பின. அதற்கு இரண்டு மாதம் முன்பு, பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, ஏப்ரல் 24-ல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு அடைத்திருந்தது. டெல்லியிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா போகிறவர்கள் அரபிக்கடல் வழியாகச் சுற்றிப் போனார்கள். நேரம் கூடியது, எரிபொருள் கூடியது. சில அமெரிக்க விமானங்கள் வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. ஆனால் சென்னையிலோ திருச்சியிலோ இருந்து சார்ஜா போகிற விமானத்துக்குப் பாகிஸ்தான் வழியே கிடையாது. கர்நாடகா, கேரளா பக்கமாகக் கடலைப் பிடித்து ஓமானுக்குப் போய்விடும். பாகிஸ்தான் மூடினால் அந்தப் பயணிக்குக் கவலையில்லை, வளைகுடா நாடுகள் மூடினால் கவலை. மகனை சார்ஜாவுக்கு அனுப்பி வைத்திருக்கிற அம்மாவுக்குத் தேவைப்படுகிற உலக அரசியல் இவ்வளவுதான். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அவர் வீட்டு அடுப்படியில் பாடிக்கொண்டிருக்கிற ரேடியோ மட்டும் அந்த இரண்டு நிமிடத்தைச் சொல்லக் கூடாது.

இன்னும் பக்கத்தில் ஒன்று. 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். மாலையில் திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. திரும்ப இறக்க வேண்டும். ஆனால் டேங்க் நிறைய எரிபொருள், அவ்வளவு எடையோடு இறங்குவது ஆபத்து. போயிங் 737-ல் எரிபொருளை நடுவானில் கொட்டிவிடும் வசதி கிடையாது, பறந்து பறந்துதான் தீர்க்க வேண்டும். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றுவட்டாரத்திலேயே வட்டமடித்துவிட்டு இரவு எட்டே கால் வாக்கில் பத்திரமாக இறங்கியது.

ஏன் வட்டமடிக்கிறது என்ற இந்த நாலு வரியை அன்று மாலை ஆறரை மணிக்கு யாராவது நிதானமான குரலில் சொல்லியிருந்தால் ஊருக்கே படபடப்பு குறைந்திருக்கும். பொரி கடலையைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் மொட்டை மாடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழே டிவியில் சிவப்புப் பட்டையும் பின்னணி இசையும்தான் ஓடின. சக்கரம் உள்ளேயே மாட்டிக்கொண்டது என்று வாட்ஸ்அப்பில் பரவியது. கடைசியில் சக்கரம் வழக்கம்போல விரிந்துதான் இறங்கியது. தலைக்கு மேல் சுற்றுகிற விமானம் போக்குவரத்துத் தகவலா, செய்தியா? இந்தக் கேள்விக்கு விதிப்புத்தகத்தில் பதில் தேடுகிற நேரத்தில் எந்த நிலைய மேலாளரும் பாட்டைத்தான் போடச் சொல்வார். லைசென்ஸ் அவருடைய பொறுப்பு.

சரி, ரேடியோ பேசாவிட்டால் யாரும் பேச மாட்டார்களா? பேசுகிறார்கள். யூடியூபைத் திறந்தால் ‘மூன்றாம் உலகப் போர் தொடங்கியது’ என்று வாரத்துக்கு ஒரு முறை தொடங்கிவைக்கிற அண்ணன்கள் வரிசையாக இருக்கிறார்கள். அகமதாபாத் விமான விபத்தின் முதற்கட்ட அறிக்கை 2025 ஜூலை 12-ல் வெளியானது. எரிபொருள் சுவிட்சுகள் ஒரு நொடி இடைவெளியில் அணைந்தன என்பதும், விமானிகள் இருவரின் பேச்சிலிருந்து இரண்டு வாக்கியமும் அதில் இருந்தன. யார் எதைச் சொன்னார் என்றுகூட அறிக்கை குறிப்பிடவில்லை. ஆனால் அன்று மாலைக்குள் நம் ஆட்கள் யார் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதி, செத்துப்போனவரின் மனநிலை வரைக்கும் ஆராய்ந்து முடித்துவிட்டார்கள். இதற்கெல்லாம் தடையில்லை. ராத்திரி டிவி விவாதத்தில் நாலு பேர் சேர்ந்து கத்துவதற்கும் தடையில்லை. ரேடியோவுக்கு மட்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உலக அரசியலை ரேடியோவில் கேட்டுப் பழகிய சமூகம் நாம். சிற்றலையில் முள்ளைத் திருப்பினால் லண்டன், மாஸ்கோ, பீக்கிங், மணிலா, கொழும்பு எல்லாமே தமிழில் பேசிய காலம் ஒன்று இருந்தது. பீபீசி தமிழோசை 1941-ல் தொடங்கி 2017 ஏப்ரல் 30 வரை வானொலியில் ஒலித்தது. இலங்கைப் போர் நாட்களில் இரவு ஒன்பதே கால் ஆனால் எத்தனை வீடுகளில் பேச்சை நிறுத்திவிட்டு ரேடியோ பக்கம் திரும்பினார்கள்! ஒவ்வொரு நாடும் தன் பக்கக் கதையைத்தான் சொல்லும். நாலையும் கேட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்து எது நம்பும்படி இருக்கிறது என்று சலித்தெடுத்தார்கள். அந்த ஆட்களைக் ‘கெட்டுப்போவார்கள்’ என்று அன்று யாரும் பயப்பட்டதாகத் தெரியவில்லை. இலங்கையில் இன்றும் சக்தி, சூரியன் போன்ற தனியார் தமிழ் எஃப்எம்கள் சொந்தச் செய்தி வாசிக்கின்றன. ஆட்சிகள் மாறியிருக்கின்றன, கடல் வற்றவில்லை.

பயப்படுகிறவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை மழுப்ப விரும்பவில்லை. அமெரிக்காவில் ஒலிபரப்பில் இரு தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற விதியை 1987-ல் எடுத்தார்கள். மறுவருடமே ரஷ் லிம்பா என்ற வலதுசாரி வானொலிப் பேச்சாளர் நாடு முழுக்கப் பேசத் தொடங்கினார். அதற்குப் பிறகு அங்கே டாக் ரேடியோ என்றாலே ஒரு பக்கத்து ஆள் மூன்று மணி நேரம் விடாமல் பொரிந்து தள்ளுவது என்றாகிவிட்டது. இதைவிடக் கொடூரமான உதாரணம் ருவாண்டா. ஆர்டிஎல்எம் என்ற தனியார் வானொலி 1993-ல் வந்தது. முதலில் பாட்டு, ஜோக், நேயர்களோடு அரட்டை, கிட்டத்தட்ட நம் எஃப்எம் மாதிரியேதான். 1994 ஏப்ரல் 6 இரவு, அதிபர் ஹபியரிமானாவின் விமானம் கிகாலியில் இறங்கும்போது சுட்டு வீழ்த்தப்பட்டது. பெல்ஜியக்காரர்கள்தான் சுட்டார்கள் என்று அந்த வானொலி சொன்னது. மறுநாள் ஐநா அமைதிப்படையில் இருந்த 10 பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த நூறு நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டபோது, யார் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று பெயர் சொல்லி வாசித்துக்கொண்டிருந்தது அதே மைக். ஒரு விமானம் விழுந்ததைப் பற்றி ரேடியோவில் யார், எப்படிப் பேசுகிறார்கள் என்பது உயிர் போகிற விஷயம் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

ஆனால் அந்தக் கதையை முழுசாகச் சொல்ல வேண்டும். ஆர்டிஎல்எம் ஆளும் தரப்புக்கு நெருக்கமானவர்கள் பணம் போட்டு நடத்திய நிலையம். எதிர்த்துப் பேச அதே பலத்தில் இன்னொரு குரல் அங்கே இல்லை. ‘அரசுச் செய்தியை மட்டும் வாசி, மற்றபடி வாயை மூடு’ என்கிற நம் ஏற்பாடு அந்த ஆபத்துக்கு மருந்து ஆகாது. தேர்தல் நேரத்தில் நம் எஃப்எம்மைப் போட்டுப் பாருங்கள். எதிர்க்கட்சி நாட்டைக் கெடுத்தது, ஆளுங்கட்சி ஊரைக் கெடுத்தது என்று கட்சிகளின் விளம்பரம் பாட்டுக்குப் பாட்டு வருகிறது. அனுமதி வாங்கிக் காசு கட்டினால் போதும். அந்த விளம்பரத்தில் சொன்னது உண்மையா என்று ஆர்ஜே கேட்டால்தான் சட்டச் சிக்கல்.

அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. எஃப்எம் செய்தித் தடையை எதிர்த்து 2013-ல் ‘காமன் காஸ்’ அமைப்பு பொதுநல வழக்குப் போட்டது. 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அமைப்பே பரிந்துரைத்தது, தனியார் எஃப்எம்களுக்கு மணிக்குப் பத்து நிமிடம் செய்தியும் நாட்டு நடப்பும் அனுமதிக்கலாம் என்று. கேட்டதே பத்து நிமிடம்தான்! டிவிக்கு என்ன ஒழுங்குமுறையோ அதையே ரேடியோவுக்கும் வைக்கட்டும். ஒலிபரப்பியதைப் பதிவு செய்து வைக்கச் சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் அதே நேரத்தில் அதே குரலில் திருத்தம் சொல்ல வைக்கட்டும். நான் இதற்கெல்லாம் கையெழுத்துப் போடத் தயார்.

எஃப்எம் முதலாளிகள் இதற்காக உருண்டு புரண்டு போராடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் ஊர் சூரியன் எஃப்எம்முக்குப் பின்னால் சன் குழுமம், ஹலோவுக்குப் பின்னால் தினத்தந்தி, மிர்ச்சிக்குப் பின்னால் டைம்ஸ். செய்தி சேகரிக்க ஆள் இல்லை என்று இவர்கள் யாரும் சொல்ல முடியாது. பாட்டும் விளம்பரமும் வம்பில்லாத வருமானம், அதுதான் காரணம் என்பது என் ஊகம். உண்மையில் கஷ்டப்படுவது சமுதாய வானொலிகள். அவர்களுக்கும் இதே தடை, அவர்களுக்காகப் பேச ஆளும் கிடையாது.

“இப்ப யாருங்க ரேடியோ கேக்குறா?” என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். தையல் கடை, பரோட்டா மாஸ்டர் நிற்கிற கல், ஏடிஎம் வாசலில் ராத்திரி உட்கார்ந்திருக்கிற பெரியவர், பேருந்து ஓட்டுநர். கையும் கண்ணும் வேலையில் இருக்கிறவர்களுக்குக் காது மட்டும்தான் மிச்சம்.

234 புது நகரங்களில் 730 எஃப்எம் அலைவரிசைகளை ஏலம் விட 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. உள்ளூர் மொழியும் பண்பாடும் வளரும் என்றார்கள். தமிழ்நாட்டுப் பட்டியலில் புதுக்கோட்டை, காரைக்குடி, தஞ்சாவூர் எல்லாம் இருக்கின்றன. தெருவுக்கு நாலு வீட்டில் ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற ஊர்கள் அவை. அந்த உரிமப் பத்திரத்தில் டிராய் சொன்ன பத்து நிமிடத்தையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லி உங்கள் தொகுதி எம்பிக்கு ஒரு கடிதம் போடுங்கள். நான் போட்டுவிட்டேன், பதில் வந்தால் இங்கேயே பகிர்கிறேன்.