மூட் வரவில்லை அக்கா

(தூத்துக்குடியில் ஒரு பழைய வீட்டின் முன்னறை. டிசம்பர் 23, ராத்திரி சாப்பாடு முடிந்துவிட்டது. தம்பி சென்னையிலிருந்து காலையில்தான் வந்து இறங்கினான். சோபாவில் படுத்திருக்கிறான். அக்கா தரையில் பசை டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறாள்.)

அக்கா: எலேய், அந்தப் போனைக் கீழே வைத்துவிட்டுப் பரணிலிருந்து கிறிஸ்துமஸ் குடில் பெட்டியை இறக்கு. நாளைக்கு ராத்திரி பூசை, இன்னும் தொழுவத்துக்கு நாலு குச்சிகூட நடவில்லை.

தம்பி: மூடே வரவில்லை அக்கா. நானும் டிசம்பர் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று. பாட்டு போட்டுப் பார்த்தேன். ஆபீஸில் சிவப்புத் தொப்பி மாட்டிவிட்டு போட்டோ எடுத்தார்கள், அதற்கும் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை.

அக்கா: மூட் வந்த பிறகுதான் குடில் என்றால் நம் அம்மா ஈஸ்டருக்குத்தான் கட்டியிருப்பாள். டிசம்பர் முழுக்க அவளுக்கு ஏது மூட்? வாய்தான் இருந்தது. திட்டிக்கொண்டே மாவு பிசைவாள், திட்டிக்கொண்டே ஒட்டடை அடிப்பாள், நமக்கு அது பண்டிகையாகத் தெரிந்தது.

தம்பி: சின்ன வயதில் தானாக வந்ததே. அரையாண்டுப் பரீட்சை கடைசி பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் போதும், அந்த நிமிஷமே உள்ளே பலூன் ஊதின மாதிரி இருக்கும்.

அக்கா: அது பரீட்சை முடிந்த சந்தோஷம். ஜனவரியில் கணக்குப் பேப்பர் கைக்கு வரும்வரைதான் உனக்குப் பண்டிகை, அதற்கப்புறம் அப்பாவுக்கு.

தம்பி: சரி, துணி? 24ஆம் தேதி ராத்திரி தையல்கடை வாசலில் போய் நிற்போமே. அவர் "இதோ காஜா மட்டும்தான் தம்பி பாக்கி" என்பார். உள்ளே எட்டிப் பார்த்தால் என் சட்டைக்கு இன்னும் கையே வைத்திருக்க மாட்டார். பூசைக்கு மணி அடிக்கிற நேரத்தில் சூடு ஆறாத சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுவோம். இப்போது பார், ஆன்லைனில் அக்டோபரிலேயே வந்துவிட்டது. அதில் என்ன இருக்கிறது?

அக்கா: அக்டோபரில் வந்த சட்டை எங்கே?

தம்பி: போட்டிருக்கிறேனே.

அக்கா: (நிமிர்ந்து பார்த்து) கிறிஸ்துமஸ் சட்டையை இன்றைக்கே போட்டுக்கொண்டு அதில் மீன் குழம்பையும் சிந்திவிட்டு மூட் வரவில்லை என்கிறாயே, அது எந்த முகத்தோடு வரும்? கழற்று அதை முதலில். கழற்றிவிட்டுப் பரணில் ஏறு, தூசியாவது படாமல் இருக்கட்டும்.

(தம்பி பனியனோடு ஸ்டூலில் ஏறுகிறான். பெட்டியோடு ஒரு கரப்பான்பூச்சியும் இறங்குகிறது.)

தம்பி: உண்மையைச் சொல்லட்டுமா? நடுராத்திரிப் பூசையில் "உன்னதங்களிலே" பாடி எல்லா மணியையும் சேர்த்து அடிப்பார்களே, அப்போது எனக்குப் புல்லரிக்கும். அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுவேன். போன வருஷம் அதே மணி அடித்தபோது நான் வண்டியை எங்கே நிறுத்தினேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன் அக்கா.

அக்கா: நான் பிரியாணி அரிசியை ஊறப்போட்டேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மேரியம்மாவுக்கும் அந்த ராத்திரி இந்த மாதிரி ஆயிரம் கவலை இருந்திருக்கும், சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை பார். நீ பெட்டியைப் பிரி.

தம்பி: (பழைய செய்தித்தாளைப் பிரித்தபடி) மாடு இருக்கிறது. கழுதை இருக்கிறது, காது இல்லை. இந்த ஆடு ஏன் இடையனைவிடப் பெரிதாக இருக்கிறது?

அக்கா: அது வேறு செட். விலை குறைவு என்று அப்பா வாங்கி வந்தார். தள்ளி வை, தூரத்தில் நிற்கிற ஆடு என்று நினைத்துக்கொள்வார்கள்.

தம்பி: தூரத்தில் நின்றால் சின்னதாகத்தானே தெரிய வேண்டும்?

அக்கா: பக்கத்தில் நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும்.

தம்பி: பெத்லகேமில் மாடும் கழுதையும் நின்றதாக நற்செய்தியிலேயே கிடையாது, தெரியுமா? தீவனத் தொட்டி என்று மட்டும்தான் லூக்கா எழுதியிருக்கிறார்.

அக்கா: ஆனால் புனித பிரான்சிஸ் அசிசியார் வைத்தாரே. 1223இல், இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில், உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து கட்டி, வைக்கோல் பரப்பி, நடுராத்திரி பூசை. அப்போது அவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது, கிட்டத்தட்ட உன் வயது. உடம்பும் சரியில்லாத மனுஷர், 1226இல் போய்ச் சேர்ந்துவிட்டார். மூட் வரவில்லை என்று சோபாவில் படுத்திருந்தாரா?

தம்பி: அவர் தனியாகவா செய்தார்? அந்த ஊரில் ஒருத்தரிடம் சொல்லித்தான் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்ய வைத்தார். நானும் அதே மாதிரி உன்னிடம் சொல்லிவிட்டு…

அக்கா: பசையைக் கலக்குலே.

(கொஞ்ச நேரம் பேச்சில்லை. அக்கா பழுப்புக் காகிதத்தைக் கசக்கிப் பாறை செய்கிறாள்.)

தம்பி: இது பாறையா? சுருட்டிப் போட்ட போர்வை மாதிரி இருக்கிறது. அப்பா சிமெண்ட் பைக் காகிதத்தில் செய்வாரே, நிஜ மலை மாதிரி நிற்கும்.

அக்கா: இப்போது சிமெண்ட் மூட்டையெல்லாம் பிளாஸ்டிக்காகிவிட்டது. அதில் மலை செய்தால் மழைக்குப் போட்ட தார்ப்பாய் மாதிரி இருக்கும்.

தம்பி: இப்படிக் கொடு. நனைத்துக் கசக்க வேண்டும், காய்ந்த காகிதத்தைக் கசக்கினால் மடிப்பு நிற்காது. புல்லுக்கு என்ன செய்தாய்? பச்சைப் பாய் வாங்கியிருந்தாயானால் இப்போதே சொல்லிவிடு, நான் போய்ப் படுத்துவிடுகிறேன்.

அக்கா: கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறு, அந்த ரோஸ் மெழுகுவர்த்தி ஏற்றுகிற அன்றைக்கே தட்டில் கேழ்வரகு போட்டுவிட்டேன். அடுப்படி ஜன்னலில் இருக்கிறது, போய்ப் பார்.

தம்பி: (தட்டோடு ஓடி வந்து) அக்கா! ஒரு விரல் உயரம் வளர்ந்திருக்கிறது! ஒரு பக்கம் மட்டும் சாய்ந்திருக்கிறதே.

அக்கா: வெயில் வந்த பக்கம் சாயும். அதைத் தொழுவத்துப் பக்கம் திருப்பி வை, புல்லே எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

தம்பி: ஐயோ, கண்ணாடியை அங்கே வைக்காதே! குளம் என்றால் ஓரத்தில் மணல் வேண்டாமா? கடற்கரை ஊரில் இருந்துகொண்டு மணலுக்கு என்ன பஞ்சம்? பிள்ளைகளைச் சாயங்காலமே அனுப்பியிருக்கலாமே. இந்த வீட்டில் ஒருத்தருக்கும் பொறுப்பே கிடையாது. எல்லாவற்றையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா: (மெதுவாக) அம்மா குரல்.

தம்பி: என்ன?

அக்கா: ஒன்றுமில்லை. சீரியல் செட்டைப் பார்.

தம்பி: எரியவில்லை. ஒரு பல்பு போனால் எல்லாம் போய்விடுகிற பழைய செட்தானே? ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். நீ போய்த் தூங்கு.

அக்கா: பிளக்கைப் போட்டாயா?

(தம்பி பிளக்கைப் போடுகிறான். எல்லாம் எரிகின்றன.)

தம்பி: குழந்தை இயேசுவைப் பார்க்க வருகிற ராஜாக்கள் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். மூன்றாவது ஆள் எங்கே?

அக்கா: போன வருஷம் உன் மகன் காரில் ஏற்றி விளையாடினான். எந்த ஊரில் இறக்கிவிட்டானோ. பரவாயில்லை, எத்தனை பேர் வந்தார்கள் என்று மத்தேயு எழுதவில்லை. பொன், தூபம், வெள்ளைப்போளம் என்று மூன்று சாமான் இருந்ததால் நாமாக மூன்று ஆள் ஆக்கிவிட்டோம்.

தம்பி: அப்படியானால் ஒருத்தர் இரண்டு சாமானைத் தூக்கிக்கொண்டு வரட்டும். ஆனால் இப்போதே தொழுவத்தில் நிறுத்தக் கூடாது, மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி 6தான். அதுவரை நடந்துகொண்டே இருக்க வேண்டும். டிவி ஸ்டாண்டின் அந்தக் கோடியில் நிறுத்துகிறேன். நான் 27ஆம் தேதி முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறிவிடுவேன். நீ தினமும் ஒரு சாண் நகர்த்திவிட்டு எனக்கு போட்டோ அனுப்பு. மறந்துவிடாதே. ஒட்டகத்தின் காலைப் பார்த்துத் தூக்கு, பசை இன்னும் காயவில்லை.

அக்கா: நகர்த்துகிறேன், நகர்த்துகிறேன். ஆனால் டிவியைத் தாண்டுகிற நேரத்தில் நாடகம் ஓடினால் முடிகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.