பாத்திரம் கழுவும் பாடகர்

2020ஆம் ஆண்டு, கொரோனா முடக்கம் தொடங்கிய நாள்களில் வந்த ஒரு புகைப்படத்தை என்னால் மறக்க முடியவில்லை. அரங்கம் அரங்கமாகக் கூட்டம் சேர்த்த ராக் பாடகர் ஜான் பான் ஜோவி, ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். நண்பர் ஒருவர் அதைப் பார்த்ததுமே, "எல்லாம் விளம்பரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று பதில் சொல்லாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த உணவகம் அவரும் மனைவி டோரத்தியாவும் 2011இல் நியூ ஜெர்சியின் ரெட் பேங்க் ஊரில் தொடங்கியது. உணவுப் பட்டியலில் விலை கிடையாது. கையில் காசு இருப்பவர், தன் சாப்பாட்டுக்கும் முகம் தெரியாத இன்னொருவர் சாப்பாட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கலாம். இல்லாதவர் அங்கேயே சிறிது நேரம் வேலை செய்யலாம். யாரும் தட்டேந்தி வரிசையில் நிற்க வேண்டியதில்லை; எல்லோரையும் உட்காரவைத்துப் பரிமாறுகிறார்கள். பசித்தவனின் வயிற்றோடு அவன் மானத்தையும் சேர்த்து யோசித்த ஏற்பாடு இது. முடக்கத்தால் தன்னார்வலர்கள் வர முடியாமல் போனபோது, ஆள் குறைந்த இடத்தில் அவரே போய் நின்றார். வெறும் விளம்பரம் வேண்டுமென்றால் ஒரு நாள் போதும். ஒன்பது ஆண்டு ஒரு சமையற்கட்டை நடத்த வேண்டியதில்லை.

1985 ஜூலை 13இல் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டனிலும் பிலடெல்பியாவிலும் நடந்த லைவ் எய்ட் கச்சேரியைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். குயீன் என்ற ராக் குழு மேடையில் நின்ற இருபது நிமிடங்களைப் பற்றி மட்டுமே மணிக்கணக்கில் பேசுவோம். அதே மேடையில் பாடிய, அயர்லாந்தின் யூ-டூ ராக் குழுவின் பாடகர் போனோ, அதற்குப் பிறகு மனைவி அலியுடன் எத்தியோப்பியாவுக்குப் போய் ஓர் உணவு முகாமில் ஏறத்தாழ ஒரு மாதம் வேலை செய்ததைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? அங்கே ஒரு தகப்பன் தன் மகனை அவரிடம் நீட்டி, கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், உங்களிடம் இருந்தால் இவன் பிழைத்துக்கொள்வான் என்று கெஞ்சியிருக்கிறான். அவரால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்தும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிறகு, கச்சேரிகளில் திரளும் பணத்தைவிடப் பல மடங்கு பணம் ஏழை நாடுகளிலிருந்து கடனும் வட்டியுமாகத் திரும்பிப் போகிறது என்று புரிந்துகொண்டு, கடன் ரத்துக்கான ஜூபிலி 2000 இயக்கத்தில் சேர்ந்தார். தன் கொள்கைக்கு நேர் எதிரான அமெரிக்க அரசியல்வாதிகளைக்கூட நேரில் பார்த்து வாதாடினார்.

அவருடைய யூ-டூ குழு 2006இல் தன் வருமானத்தின் ஒரு பகுதியை வரி குறைவு என்பதற்காக நெதர்லாந்துக்கு மாற்றியது. ஏழைகளுக்கு அரசுகள் கூடுதலாகச் செலவிட வேண்டும் என்று கேட்பவர் இதைச் செய்யலாமா என்று அயர்லாந்தில் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி, நான் அதை மழுப்ப மாட்டேன். அதற்காக அந்த முகாமில் அவர் உழைத்த நாள்கள் பொய்யாகிவிடாது.

நல்ல மனம் மட்டும் போதாது என்பதையும் இந்தக் கலைஞர்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1971 ஆகஸ்ட் 1. வங்கதேச அகதிகளுக்காகப் சிதார் கலைஞர் பண்டிட் ரவிசங்கர் கேட்டுக்கொண்டதால், பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் சில வாரங்களுக்குள் நியூயார்க்கில் இரண்டு கச்சேரிகளை நடத்தினார். டிக்கெட் வசூல் 2,43,418 டாலர் யுனிசெஃப்புக்குப் போனது. ஆனால், முன்கூட்டியே வரிவிலக்குக்கு விண்ணப்பிக்காததால், இசைத்தட்டு விற்ற பணத்தில் பெரும்பகுதி அமெரிக்க வரித்துறையிடம் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. பசிக்குப் போக வேண்டிய பணம் ஒரு விண்ணப்பத்துக்காகக் காத்துக் கிடந்தது என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வெள்ள நிவாரணப் பொட்டலம் கட்ட நானும் ஒரு முறை போயிருக்கிறேன். முதல் நாள் நிற்க இடமில்லை. பத்தாம் நாள் நான்கே பேர். மூட்டைகள் மட்டும் அப்படியே இருந்தன. அன்றிலிருந்து யார் எவ்வளவு கொடுத்தார் என்பதைவிட, பத்தாம் நாள் யார் வந்தார் என்றுதான் பார்க்கிறேன்.

அப்படிப் பார்த்தால் என் மனதில் முதலில் வருபவர் ராக் பாடகர் நீல் யங். பேச்சிலும் உடலியக்கத்திலும் கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக, அவர் மனைவி பெகியும் வேறு சிலரும் கலிபோர்னியாவில் பிரிட்ஜ் பள்ளியைத் தொடங்கினார்கள். அதற்காக 1986 முதல் 2016 வரை, ஒரே ஓர் ஆண்டு தவிர, ஆண்டுதோறும் கச்சேரி நடந்தது. மொத்தம் முப்பது. முதல் கச்சேரிக்குப் புகழ்பெற்ற ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வந்தார்; பின்னால் பெரிய பெரிய குழுக்களெல்லாம் வந்தன. சக்கர நாற்காலியில் வரும் அந்தப் பிள்ளைகளுக்கு இடம் பார்வையாளர் வரிசையில் இல்லை. மேடையிலேயே, பாடுகிறவர்களுக்குப் பின்னால். பாட வந்தவர்கள் பலர் டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பாடினார்கள்.