ட்ரிப் சுவிட்ச் பற்றி ஒரு சிறு திருத்தம்

அந்தத் தீ விபத்தில் உயிரிழந்தவர்களை நினைத்து நாம் எல்லோருமே கலங்கிப் போயிருக்கிறோம். தீ எப்படிப் பிடித்தது என்பதை விசாரிப்பவர்கள் சொல்லட்டும், நான் அதற்குள் போகவில்லை. மேலே ஒரு அண்ணன் எழுதியதைப் பற்றி மட்டும்: ட்ரிப் சுவிட்ச் (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) பூட்டிய வீட்டில் கரண்டால் தீப்பிடிக்காது என்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள்.

அப்படி இல்லை, அண்ணன். ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது மின்கசிவை மட்டும்தான். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒத்துப்போகாவிட்டால், அதாவது கரண்ட் வேறு வழியால் கசிந்தால், அது விழும். பிளக் லூசாகிச் சூடேறினாலும், ஒரே மல்டி பிளக்கில் அளவுக்கு மீறிப் பாவித்தாலும் கசிவு இல்லை, அதனால் அது பேசாமல் இருக்கும்.

நீங்களே பார்க்கலாம். ட்ரிப் சுவிட்சில் பெரும்பாலும் 30 மில்லிஅம்பியர் என்று அச்சிட்டிருக்கும், அது கசிவின் அளவு. பக்கத்தில் வரிசையாக இருக்கும் சின்ன பிரேக்கர்களில் 16, 20 அம்பியர் என்று இருக்கும், லோடைப் பார்ப்பது அவைதான். இனிக் கணக்கு: 2000 வாட் கேத்தலும் 1000 வாட் அயனும் சேர்ந்தால் 230 வோல்ட்டில் சுமார் 13 அம்பியர். கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் இருக்கிற 5 அம்பியர் உருண்டை முள் பிளக்கில் அடாப்டர் போட்டு இரண்டையும் ஓட்டினால், 20 அம்பியர் பிரேக்கர் விழாது, ஆனால் பிளக் கொதிக்கும். (எங்கள் வீட்டிலும் போன வருஷம் வரை இதே கூத்துத்தான்.)

ட்ரிப் சுவிட்சில் இருக்கிற டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதே என்றால், சரி, கசிவைப் பிடிக்கும் பகுதி வேலை செய்கிறது, அவ்வளவுதான்.