சாவியை எடுத்தவர் போலீஸ்தானா?

2019 கடைசியில் எங்கள் ஊர் ரவுண்டானா பக்கத்தில் வண்டி செக்கிங். என் தம்பி ஹெல்மெட் போட்டிருந்தான், லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் கையில் இருந்தது. ஆனாலும் டீ-ஷர்ட் போட்ட ஒரு பையன் ஓடி வந்து வண்டிச் சாவியை உருவிக்கொண்டு "ஓரமா நில்லுடா" என்றிருக்கிறான். முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வேலைக்குத் தாமதமாகப் போனான் தம்பி. அந்தப் பையன் போலீஸே இல்லை, போலீஸுக்கு உதவியாக இருக்கும் தன்னார்வலர்களின் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் குழுவில் இருந்தவன் என்று பிறகுதான் தெரிந்தது. ஏன்டா கேட்கவில்லை என்றதற்கு "கேட்டா அடிப்பாங்கண்ணா" என்றான்.

லைசென்ஸைக் காட்டச் சொல்லும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆவது பிரிவில் இருக்கிறது. அங்கே எழுதியிருப்பது 'சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி' என்று. சீருடை வேண்டும், அதோடு அவர் போலீஸ் அதிகாரியாகவும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் அந்த அதிகாரம். 1861ஆம் வருட போலீஸ் சட்டத்தைப் பாருங்கள், 8ஆவது பிரிவில் நியமனச் சான்றிதழ் என்று ஒன்று வரும். அந்தச் சான்றிதழ் மூலமாகத்தான் ஒருவருக்குப் போலீஸ் அதிகாரம் வருகிறது, வேலையை விட்டுப் போனால் அது செல்லாது, உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதிகாரம் ஆளுக்குச் சொந்தமில்லை என்பதை வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் 1993இல் ராமநாதபுரத்தில், அப்போதைய எஸ்.பி. பிரதீப் வி. பிலிப் தொடங்கியது. மக்களுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே பாலமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வருடங்கள் போகப் போக லத்தியும் கையில் வந்துவிட்டது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் வதைபட்டு இறந்தபோது இந்தக் குழுவினர் மீதும் புகார் எழுந்தது, ஜூலையில் அரசு மாநிலம் முழுக்கத் தடை போட்டது. இரண்டு உயிர் போன பிறகு.

சரி, முறைப்படி அதிகாரம் கொடுத்துவிட்டால் போதுமா? சத்தீஸ்கரில் கொடுத்தார்கள். அஞ்சாம் வகுப்பு முடித்த பழங்குடி இளைஞர்களை சிறப்புப் போலீஸ் அதிகாரி என்று நியமித்து, மாதம் 3000 ரூபாயும் துப்பாக்கியும் கொடுத்து மாவோயிஸ்டுகளுக்கு எதிராகக் காட்டுக்குள் அனுப்பினார்கள். சமூகவியல் பேராசிரியர் நந்தினி சுந்தர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஜூலை 5 அன்று அது அரசமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. போதிய படிப்பும் பயிற்சியும் இல்லாதவர்களிடம் போலீஸ் வேலையை ஒப்படைப்பது அவர்கள் உயிருக்கும் மற்றவர்கள் உயிருக்கும் ஆபத்து என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களை முன்னால் தள்ளியவர்கள் மேல்தான் கோபம்.

இன்னொன்றும் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கைது செய்யும் போலீஸ்காரர் தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பு எழுதி குடும்பத்தில் ஒருவரிடமோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரிடமோ சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். 1996இல் டி.கே. பாசு வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது, இப்போது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 36ஆவது பிரிவில் இருக்கிறது. சாதாரண ஆளும்கூட, தன் கண்முன் ஜாமீனில் வர முடியாத பெரிய குற்றம் நடந்தால் குற்றவாளியைப் பிடிக்கலாம், ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். டீ-ஷர்ட் பையனுக்கு இருந்த அதிகாரம் அவ்வளவுதான், உங்களுக்கும் எனக்கும் இருக்கும் அதே அளவு.

நேர்மையாக வேலை பார்க்கும் காவலர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். வெயிலில் நின்று பெயர் பேட்ஜோடு "சார், லைசென்ஸ் காட்டுங்க" என்று கேட்கும் ஏட்டுக்கு நான் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக் காட்டுவேன். செக்கிங் நடக்கும் இடத்தில் பொறுப்பு எஸ்.ஐ. பெயர், ஸ்டேஷன், போன் நம்பர் மூன்றையும் எழுதி வைக்கட்டும். பேரிகேடில் நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே இடம் இருக்கிறது, அங்கேயே எழுதலாம்.