அவுட்லான்னா குற்றவாளி இல்லங்க!

அந்தச் சின்னப் பசங்க வினாடி வினாப் போட்டி வீடியோவ எல்லாரும் பாத்துட்டீங்க, மறுபடி கதை சொல்லப் போறதில்ல. "அவுட்லா" (outlaw)ங்கற இங்கிலீஷ் வார்த்தைக்குத் தமிழ்ல என்னன்னு கேட்டாங்க, பையன் "சட்டம் கைவிட்டவன்"னு சொன்னான், தப்புன்னு மணி அடிச்சாங்க. அட்டையில இருந்த விடை "குற்றவாளி". பையன் என் தங்கச்சி மகன், அதான் குதிக்கிறேன்னு நெனச்சா நெனச்சுக்கோங்க. ஆமா, அதுக்கும் சேத்துதான் குதிக்கிறேன்.

குற்றவாளி சட்டத்த மீறினவன். ஆனா சட்டத்துக்கு உள்ளதான் இருக்கான். ஜெயில்ல அவன எவனாவது குத்தினா குத்தினவன் மேல கேஸ் வரும். அவுட்லாவுக்கு அதுகூட இல்ல. பழைய இங்கிலாந்துல வரிசையா அஞ்சு கோர்ட்டுல பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க, வரலையா, முடிஞ்சுது, இனி அவன் தலை ஓநாய்த் தலை. அப்படித்தான் சொல்லுவாங்க. ஓநாயக் கண்டா யாரு வேணா அடிக்கலாம்ல? சொத்து போச்சு, சோறு போட்டவனும் மாட்டுவான். அவன் நெஜமாவே தப்பு பண்ணானான்னு யாரும் விசாரிக்கல, வரல, அவ்ளோதான்! 1215ல மாக்னா கார்ட்டாங்கற உரிமைச் சாசனத்துல, முறையான தீர்ப்பு இல்லாம சுதந்திரமான எந்த மனுஷனையும் அவுட்லா ஆக்கக் கூடாதுன்னு தனியா எழுத வேண்டியிருந்துச்சு. சுத்தமா ஒழிஞ்சது 1938லதான்.

நம்மகிட்ட இதுக்கு வார்த்தையே இல்லையா? ஊர்விலக்கு. எங்க பாட்டி சொல்லும், அடுப்புக்கு நெருப்பு கேட்டுப் போனா கதவ சாத்துவாங்களாம், கிணத்துல வாளி எறக்கக் கூடாதாம், முடிவெட்ட ஆள் வராதாம். தாத்தா செஞ்ச தப்பு பஞ்சாயத்துக்குப் போகாதது. அப்புறம் ரஜுலா கப்பல்ல ஏறி இங்க சிங்கப்பூர்ல வந்து எறங்கினாரு, கடைசி வரைக்கும் ஊர்ப் பேச்ச எடுத்தா எந்திரிச்சுப் போயிடுவாரு. அவரு குற்றவாளியா? சொல்லுங்க.

"வார்த்தைக்கு அர்த்தம் மாறும் ப்ரோ, இப்ப எல்லாரும் ரவுடியத்தானே அப்படிச் சொல்றாங்க"ன்னு ஒருத்தர். மாறும், ஒத்துக்கறேன். அதுக்காகப் பழைய அர்த்தம் தப்பாயிடுமா? 1972ல இங்க பட்டாச அவுட்லா பண்ணாங்க, அப்போ பட்டாசு குற்றவாளியா? இது கோப்பிக்கடையில பேச்சோட கடைசியில சேக்கற "லா" இல்லைங்க, வாய்க்கு வந்தபடி ஒட்டிக்க.

"சின்னப் பசங்க போட்டிதானே அங்கிள், ரிலாக்ஸ்"னு இன்னொருத்தர். இதுக்கு நான் பதிலே சொல்ல மாட்டேன். சின்னப் பசங்கன்னாதான் சரியாச் சொல்லணும்!

ஏற்பாட்டாளர் குரூப்புல மரியாதையா நாலு வரிதான் போட்டேன். யாரும் வாயத் தொறக்கல. காலையில பாத்தா குரூப்புல நானே இல்ல. பத்து வருஷமா ஒவ்வொரு ஏப்ரலும் தமிழ்மொழி மாதத்துக்கு நாற்காலி தூக்கிப் போட்டவன், மைக் வேலை செய்யலன்னா ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட ஞாபகம் வந்தவன். என்ன ஏதுன்னு ஒரு கேள்வி இல்ல, அஞ்சு தடவ வேணாம், ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாம்ல? சரி விடுங்க.

போட்டி அன்னிக்கு எம்ஆர்டி ரயில்ல வரும்போது பையன் ஜன்னலப் பாத்துக்கிட்டே, "மாமா, அடுத்த வாட்டி குற்றவாளின்னே சொல்லிடறேன்"னான். யீஷூன் ஸ்டேஷன் வர்ற வரைக்கும் நான் பேசவே இல்ல.